ரோமாபுரிப் படையை நகர்த்துவது யார்?

பாசமுள்ள மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். இறைவன் கருணையால் அப்பாவும் நானும் நலம். இருதய அறுவை சிகிச்சைக்குப் பிறகு அவருக்கு ஐந்தாவது மாதம் நடக்கிறது. படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. வாய் மட்டும் பழையபடி. நீயும் மாப்பிள்ளையும் நலமா என்று வழக்கம்போல் கேட்க இந்த முறை எனக்குக் கை வரவில்லை.

அப்பாவின் உயிர் இப்போது அந்த ரோமாபுரி விளையாட்டில்தான் இருக்கிறது. சாப்பாட்டு மேசையில் பாதியை அந்த வரைபட அட்டை பிடித்துக்கொண்டது. யானைப்படையோடு ரோமாபுரிமேல் பாய்ந்த ஹன்னிபால் அப்பா, ரோம் மாப்பிள்ளை. வெள்ளிக்கிழமைதோறும் மாப்பிள்ளையின் நகர்த்தல் போனில் வரும். அப்பா அவருடைய காய்களையும் நகர்த்தி வைப்பார். மேசையைத் துடைக்கும்போது நான் யானையைத் தள்ளிவிட்டேன் என்று போன வருஷம் ஒருநாள் பெரிய ரகளை. அன்றிலிருந்து ஒவ்வொரு நகர்த்தலையும் தேதி போட்டு நோட்டில் எழுதிவருகிறேன்.

நேற்று அந்த நோட்டை முதலிலிருந்து புரட்டினேன். சந்தேகப்படுவதற்கு இறைவன் மன்னிக்கட்டும். ஆரம்பத்தில் மாப்பிள்ளை எதிரியை எங்கே கண்டாலும் பாய்வார். கூடவே ஒரு வம்பும் வரும். "மாமா, யானைக்கெல்லாம் கயிறு வாங்கிட்டீங்களா? ஓட்டிட்டுப் போக வர்றேன்" என்று எழுதுவார். அப்பா சிரித்துச் சிரித்து இருமுவார். நான்கு மாதமாகப் பாய்ச்சலும் இல்லை, வம்பும் இல்லை. படை மலைமேலேயே நிற்கிறது, அப்பா நெருங்கினால் நழுவுகிறது. தானிய வண்டிகளைச் சுற்றி மூன்று காய்கள் காவல். கடைசியில் "மாத்திரை போட்டாச்சா?" என்று ஒரு விசாரிப்பு. எல்லாம் உன் போனிலிருந்து. அவர் போன் பழுதாம். நாலு மாதம் பழுதுபார்க்க அது என்ன போனா, கப்பலா?

அப்பாவுக்கு ஒரே பெருமை. "மாப்பிள்ளைக்கு இப்பத்தான்டி ஆட்டம் பிடிபட்டிருக்கு. ஃபேபியஸ் மாதிரியே ஆடுறாரு" என்கிறார். யார் அந்த ஆள் என்று நூலகத்தில் புத்தகம் எடுத்துப் பார்த்தேன். நானாகப் படித்த படிப்புக்குப் பத்து நாள் பிடித்தது. ஹன்னிபாலோடு நேருக்கு நேர் மோதாமல் இழுத்தடித்த ரோமாபுரித் தளபதியாம்.

ஆனால் எனக்கு நினைவு வந்தது வேறு. பத்து வயதில் அப்பாவோடு இதே ஆட்டம் ஆடும்போது, தானிய வண்டிக்குக் காவல் வைத்த பிறகுதான் நீ மற்றக் காயைத் தொடுவாய். "இவ சண்டைக்கு வந்தாளா, சமைக்க வந்தாளா?" என்று கேலி செய்தவர் அவர்தான். அவர் மறந்துவிட்டார். பெற்றவள் மறப்பேனா?

நோட்டின் பின்பக்கத்தில் இன்னொன்றும் இருக்கிறது. மாப்பிள்ளையிடம் போனைக் கொடு என்று நான் கேட்டபோதெல்லாம் நீ சொன்ன பதில். குளிக்கிறார், ஒன்பது முறை. தூங்குகிறார், ஆறு. கடைக்குப் போயிருக்கிறார், ஐந்து. ஒரு மனிதர் இவ்வளவு குளித்தால் கரைந்துதான் போயிருப்பார்.

சுற்றி வளைக்கவில்லை. மாப்பிள்ளை அந்த வீட்டில்தான் இருக்கிறாரா? அப்பாவுக்கு எந்த அதிர்ச்சியும் கூடாது என்று மருத்துவர் சொல்லி அனுப்பிய அதே வாரம்தான் ஆட்டம் மாறியிருக்கிறது. அப்பாவுக்காகத்தான் மறைக்கிறாயா? நான் நினைப்பது தப்பென்றால் வாய்க்கு வந்தபடி என்னைத் திட்டு, சந்தோஷமாக வாங்கிக்கொள்கிறேன்.

ஃபேபியஸை ஊரே கோழை என்று ஏசியதாம். அவசரப்பட்டு மோதியவர்கள் ஒரே நாளில் பெரும்படையை இழந்த பிறகுதான் அவன் அருமை தெரிந்ததாம். சரி, காத்திருந்தது புத்திசாலித்தனம்தான். ஆனால் அவன் மலைமேல் காத்திருந்த நாளெல்லாம் கீழே வயல்கள் எரிந்தன என்றும் எழுதியிருக்கிறது. அந்தப் பக்கத்தை என்னால் தாண்ட முடியவில்லை. அங்கே உனக்கு என்ன எரிகிறது, கண்ணு?

அப்பாவிடம் மூச்சு விடவில்லை. காலை ஏழிலிருந்து எட்டுவரை அவர் நடக்கப் போவார். அப்போது கூப்பிடு. பேச வராவிட்டால் பேசாமல் இரு, நானாகப் போனை வைக்க மாட்டேன். அவருக்கு எப்போது, எப்படிச் சொல்வது என்று இருவரும் சேர்ந்து யோசிப்போம். புறப்பட்டு வந்துவிட்டாலும் சரி. யாரோடு வந்தாய் என்று வாசலில் வைத்துக் கேட்க மாட்டேன்.

வேளைக்குச் சாப்பிடு. நீ தனியாக இருக்கும் அறையில் இறைவன் துணை இருக்கட்டும்.

உன்னைப் பெற்றவள்