யார் சாகிறார் என்று முதலில் கேட்பவருக்கு

அண்ணி,

சளி பிடித்தவர் திரும்பவும் வந்துவிட்டார். இன்று காலை சுவா சூ காங்கில் ரயில் ஏறி, நூலகச் செயலியில் இரவல் கிடைத்த புது ஒலிநூலைத் தொடங்கினேன். முதல் வாக்கியத்திலேயே வாசிக்கிறவர் யாரென்று தெரிந்துவிட்டது. அதே அடைத்த மூக்கு, வாக்கியம் முடிந்ததும் எச்சில் விழுங்குகிற அதே சத்தம். அவருடைய உண்மைப் பெயரை நாம் ஒருநாளும் மனத்தில் வைத்துக்கொண்டதில்லை. நீங்கள் வைத்த பெயர்தான் நிலைத்தது. "பாவம், ரெக்கார்டிங் ரூம்ல ஏர்கான் ஜாஸ்தி போல. யாராச்சும் இஞ்சி டீ போட்டுக் கொடுங்கலா" என்று நீங்கள் சொன்னது நினைவுக்கு வந்து, கூட்டத்தின் நடுவே சத்தமாகச் சிரித்துவிட்டேன். எதிரே உட்கார்ந்திருந்தவர் குனிந்து தன் சட்டைப் பொத்தான்களைச் சரிபார்த்துக்கொண்டார்.

கேட்டவரைக்கும் புத்தகம் சுமார்தான். ஆனால் அதைச் சொல்ல ஆள் இல்லை. அதனால் இந்த மடல்.

நீங்கள் என் அண்ணன் மனைவி. என்னைவிட ஒரு வயது சின்னவர். ஆனாலும் நான் உங்களை 'நீங்க' என்றேன், நீங்கள் என்னை 'நீ' என்றீர்கள். உறவுமுறை அப்படி, அதில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. உங்களுக்குக் கல்யாணமாகிப் பல வருடங்கள்வரை நாம் இருவரும் நல்ல நாள் கெட்ட நாளுக்குப் பார்த்துக்கொள்கிற சாதாரண அண்ணியும் நாத்தனாரும்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை தோ பாயோவில் உங்கள் வீட்டுக்கு வந்தபோது நீங்கள் ஒரு காதில் மட்டும் இயர்ஃபோனைச் செருகிக்கொண்டு துணி தேய்த்துக்கொண்டிருந்தீர்கள். என்ன பாட்டு என்று கேட்டேன்.

"பாட்டு இல்ல. ஊரே தண்ணியில முழுகிடுச்சு. இவங்க பத்தாவது மாடியில மாட்டிக்கிட்டாங்க. இப்ப பேசாத, படகு வருது."

நான் அதே வாரம் ஓர் ஒலிநூலில் டிராகன் முட்டையைத் திருடிக்கொண்டு ஓடுகிற ஒரு பெண்ணின் பின்னால் போய்க்கொண்டிருந்தேன். அதைச் சொன்னதும் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தீர்கள். இத்தனை வருடம் இதையெல்லாம் பேசாமல் தங்க விலையைப் பேசிக்கொண்டிருந்தோமே என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

அதற்குப் பிறகு ஞாயிறுதோறும் தேக்கா சந்தையில் சந்தித்தோம். மீனும் கீரையும் வாங்கிக்கொண்டு காப்பிக்கடையில் உட்காருவோம். உங்களுக்குப் பாலும் சர்க்கரையும் இல்லாத தேநீர், தே ஓ கோசோங்; எனக்கு நுரை பொங்குகிற தே தாரிக். விடுமுறை நாள் என்பதால் கட்டுமானத் தொழிலாளர்கள் நிறைய பேர் பக்கத்து மேசைகளில் போனில் ஊருக்குப் பேசிக்கொண்டிருப்பார்கள். அத்தனை சத்தத்திலும் நம் சத்தம் தனியாகக் கேட்கும். சொத்துத் தகராறு என்றுதான் நினைத்திருப்பார்கள்.

உலகம் கெட்டுப்போன கதைகள் உங்களுடையவை, மாயாஜாலம் என்னுடையது. கெட்டுப்போன உலகத்தைச் சோதிக்க உங்களிடம் ஒரே கேள்வி இருந்தது. "குப்பையை யாரு அள்ளுறா?" அது தெரியாத எழுத்தாளரை நீங்கள் மதிப்பதில்லை. அரசாங்கம் கவிழ்ந்து, மின்சாரமும் போய், மக்கள் எலி பிடித்துத் தின்கிற ஒரு கதையில் கதாநாயகி நாற்பதாவது மாடியில் வசித்தாள். "லிஃப்ட் இல்லாம அவ்ளோ தண்ணிய யாரு தூக்கிட்டுப் போனா? எழுதினவங்க நம்ம புளோக்குல லிஃப்ட் அப்கிரேடிங் நடந்தப்ப ஒரு மாசம் வந்து தங்கியிருக்கணும்" என்றீர்கள். இவ்வளவு பயங்கரத்தைக் காசில்லாமல் கிடைக்கிறதென்று கேட்க வேண்டுமா என்று நான் கேட்டேன். "கேட்டு முடிச்சு ஸ்டேஷனை விட்டு வெளிய வந்தா, பஸ்ஸு சொன்ன நேரத்துக்கு வந்து நிக்குது. அதைப் பார்த்தா அவ்ளோ சந்தோஷமா இருக்கு, உனக்குப் புரியாது" என்றீர்கள்.

என் கதைகள்மேல் உங்களுக்கு இருந்த புகாரையும் எழுதிவிடுகிறேன். "உன் ஆளுங்க எல்லாரும் பொறக்கும்போதே ஸ்பெஷல். தோள்ல ஒரு மச்சம் இருக்கும். என் ஆளுங்க சும்மா அங்க நின்னுட்டு இருந்தவங்க. வேற யாரும் வரல, அதனால அவங்க செய்ய வேண்டியதாப் போச்சு." இதற்கு நான் இன்றுவரை ஒத்துக்கொள்ளவில்லை அண்ணி. மச்சம் இருந்தாலும் மலையை நடந்துதான் ஏற வேண்டும். நீங்கள் நான் சொன்ன புத்தகங்களில் பாதியை முதல் மூன்று அத்தியாயத்திலேயே விட்டுவிட்டு, பெயர்கள் வாயில் நுழையவில்லை என்று சாக்குச் சொன்னவர். கேட்பதற்கு வாய் எதற்கு?

ஒத்துப்போன விஷயங்களும் இருந்தன. வாளோடு வாள் மோதும் சத்தம், குதிரைக் குளம்பு, பின்னணி வயலின் எல்லாம் சேர்த்துத் தயாரித்த ஒலிநூலை இருவரும் திருப்பிக் கொடுத்தோம். வாசிக்கிற ஆண் சிறு பெண்ணாகப் பேசும்போது குரலைக் கீச்சிட்டால் உடனே நிறுத்திவிடுவோம். கெட்டுப்போன உலகத்தை வாசிக்கிறவர் அழக் கூடாது, மந்திரத்தை வாசிக்கிறவர் கூச்சப்படக் கூடாது. இந்த விதியைக் காப்பிக்கடையில் வைத்து நாம் இருவரும் சேர்ந்துதான் போட்டோம். எனக்குத் தெரிந்து அதை யாரும் இன்னும் மிஞ்சவில்லை.

ஆனால் ஒரு விஷயத்தில் உங்களை மன்னிக்க எனக்கு நெடுநாள் ஆனது. புத்தகத்தைத் தொடங்கும் முன் நீங்கள் முடிவைக் கேட்பீர்கள். முழு முடிவும் வேண்டாம், யார் சாகிறார் என்பது மட்டும் போதும். நூலக வரிசையில் நான் எப்போதும் உங்களுக்கு முன்னால் பெயர் பதிந்துவிடுவேன். அதனால் அது என் வேலையாகிப்போனது. நான் கேட்டு முடித்ததும், "சொல்லு, யாரு சாவுறா?" என்று கேட்டுவிட்டுத்தான் நீங்கள் முதல் அத்தியாயத்துக்கே போவீர்கள். கதையைக் கெடுத்துக்கொள்கிறீர்களே என்று ஒருமுறை கத்திவிட்டேன். நீங்கள் தே ஓவை ஆற்றிக்கொண்டே பதில் சொன்னீர்கள்.

"யாரு போகப்போறாங்கன்னு தெரிஞ்சாத்தான் அவங்க பேசும்போது நான் நல்லா கேப்பேன். இல்லன்னா அந்த இடத்துல கீரை ஆய்ஞ்சுட்டு இருப்பேன்."

அன்றைக்கு இது எனக்குச் சோம்பேறியின் பேச்சாகத்தான் பட்டது.

பிறகு உங்கள் வயிற்று வலிக்கு ஒரு பெயர் வந்தது. ஃபேரர் பார்க் பக்கத்தில் ஒரு கிளினிக்கில் மருந்து எடுத்துக் கொடுக்கிறவள் நான். உங்கள் மாத்திரைகளில் எதை நிறுத்தினார்கள், அதற்குப் பதில் எதைக் கொடுத்தார்கள் என்று பார்த்தபோதே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. இனிச் சில மாதங்கள்தான் என்று டாக்டர் உங்களிடமும் அண்ணனிடமும் நேராகவே சொல்லியிருந்தார். மகளுக்கு மட்டும் அல்சர் என்று சொல்லியிருந்தீர்கள்.

"பாலிடெக்னிக்ல கடைசி வருஷம். பரிட்சை முடியட்டும், அப்புறம் சொல்லிக்கலாம்" என்றார் அண்ணன். நீங்களும் சரி என்றீர்கள். பரிட்சைக்கு இன்னும் பல மாதங்கள் இருந்தன. உங்களுக்கு அவ்வளவு இல்லை. இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வீட்டில் யாருக்கும் துணிவு வரவில்லை. எல்லாரும் சிரித்த முகமாக நடமாடினோம். பிள்ளைக்கும் ஏதாவது சந்தேகம் வந்திருக்கும், ஆனால் இத்தனை சிரிப்புக்கு நடுவே அவள் எதைக் கேட்பாள்? காலையில் காதை மூடிய ஹெட்ஃபோனோடு உங்கள் அறைக்குள் எட்டிப் பார்த்து, "மா, நான் கிளம்புறேன்" என்று கையசைத்துவிட்டுப் போவாள். ஒருநாள் அவள் போனதும் நீங்கள் என்னிடம் சொன்னீர்கள்.

"நான் பேசுறதுல பாதிதான் அவ கேக்குறா. அவ மேல தப்பு இல்ல. அம்மா எங்க போகப்போறான்னு நினைச்சுட்டு இருக்கா."

அந்தச் சமயத்தில்தான் நாம் தொடர்ந்து கேட்டுவந்த கதையின் மூன்றாம் பாகம் என் முறைக்கு வந்தது. குடிநீரை அளந்து ஊற்றுகிற அந்த ஊரும், திருட்டுக் குழாய் போட்டு ஒரு தெருவையே காப்பாற்றுகிற அந்த அம்மாவும், ஆற்றுக்கு அக்கரையில் சண்டை போடப் போன மகளும் உங்களுக்கு நினைவிருக்கும். முழுதும் கேட்டு முடித்துவிட்டு அந்த ஞாயிறு தோ பாயோவுக்கு வந்தேன். அண்ணன் கட்டிலருகே உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார்.

"சொல்லு. யாரு சாவுறா?" என்றீர்கள்.

அண்ணனின் கை நின்றது. வேண்டாம் என்று கண்ணாலேயே கெஞ்சினார். அம்மாவும் மகளும் ஒன்று சேர்ந்துவிடுகிறார்கள் என்று சொல்ல எனக்கு அரை நொடி போதும். வாய்வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் உங்களுக்கு நான் ஒருமுறைகூடப் பொய் முடிவு சொன்னதில்லை. அன்றைக்குப் பார்த்துத் தொடங்க எனக்கு மனம் வரவில்லை.

"அம்மா சாவுறா, அண்ணி."

"உனக்கு அறிவிருக்கா?" என்று அண்ணன் எழுந்துவிட்டார். "முடியாம படுத்திருக்கிற ஆள்கிட்ட பேசுற பேச்சா இது?"

நீங்கள் அவர் பக்கம் திரும்பவே இல்லை. "எப்படி?"

"நெஞ்சுல நோய். ரொம்ப நாளாவே."

"பொண்ணு?"

"அவளுக்குத் தெரியாது. சண்டை முடியட்டும்னு எல்லாரும் மறைச்சுட்டாங்க. ஜெயிச்சுட்டு வீட்டுக்கு ஓடி வரா. வீடு காலியா இருக்கு."

நீங்கள் தலையணையைச் சரிசெய்துகொண்டு கேட்டீர்கள். "சளி புடிச்சவரு அந்த இடத்துல அழுதாரா?"

"அழுதுட்டாரு."

"அழுவாருலா. முடிவு அவ்ளோ மோசம்." பிறகு, கட்டிலில் படுத்திருந்த அந்த நிலையிலும், காப்பிக்கடை மேசையைத் தட்டிப் பேசுகிற அதே குரல் உங்களுக்கு வந்தது. "அந்தப் பொண்ணுகிட்ட சொல்லியிருந்தா என்ன ஆகியிருக்கும்? சண்டையில தோத்திருப்பாளா? தோத்தா தோத்துட்டுப் போறா. அம்மாகூட உக்காந்து பேசியிருப்பால்ல? மறைச்சவங்கள அந்த எழுத்தாளர் ஒரு கேள்விகூட கேக்கல. அதுதான் எனக்குப் புடிக்கல."

அண்ணன் மெதுவாக உட்கார்ந்தார். நீங்கள் புத்தகத்தைப் பற்றிப் பேசவில்லை என்பது அவருக்கும் புரிந்துவிட்டது.

"என்னங்க, பிள்ளையக் கூப்பிடுங்க."

"பரிட்சை..."

"பரிட்சை அடுத்த வருஷமும் வைப்பாங்க."

அவள் கழுத்தில் ஹெட்ஃபோனோடு வந்தாள். எங்கள் இருவரையும் வெளியே போய்க் கதவைச் சாத்தச் சொன்னீர்கள். அண்ணன் சமையலறையில் நின்று, கழுவி வைத்திருந்த குவளைகளையே திரும்பவும் கழுவினார். உள்ளே பிள்ளை அழுகிற சத்தம் கேட்டது. "அவள அழ வெச்சுட்டியே" என்றார் என்னிடம். "அழட்டும் அண்ணே. தெரிஞ்சு அழட்டும்" என்றேன். சொன்னது சரி என்பதில் அப்போதும் சந்தேகம் இல்லை, இப்போதும் இல்லை. வெகுநேரம் கழித்து உள்ளேயிருந்து உங்கள் இருவருடைய சிரிப்பும் கேட்டது. அண்ணன் குழாயை மூடினார்.

அன்று மாலையே அவள் தன் மெத்தையை உங்கள் அறைக்கு இழுத்துக்கொண்டு வந்தாள். அடுத்த வாரங்களில் உங்களைத் துளைத்து எடுத்துவிட்டாள். அப்பாவை முதலில் பிடிக்காமல் போனது ஏன், நீங்கள் வேலை பார்த்த கப்பல் அலுவலகத்தில் மேலாளரை எதிர்த்துப் பேசிய கதை என்ன, தனக்கு இந்தப் பெயரை ஏன் வைத்தீர்கள் என்று ஒன்றையும் விடவில்லை. இதையெல்லாம் போனில் பதிவுசெய்து வைக்கலாமே என்று நான்தான் யோசனை சொன்னேன். நீங்கள் தலையை ஆட்டி மறுத்துவிட்டீர்கள்.

"ரெக்கார்ட் பண்ணா, அப்புறம் கேட்டுக்கலாம்னு விட்டுடுவா. இப்பவே கேக்கட்டும்."

அந்த மூன்றாம் பாகத்தை நீங்கள் கேட்கவே இல்லை. தவணை முடிந்து, செயலியிலிருந்து அது தானாகவே நூலகத்துக்குத் திரும்பிப் போனது. பிள்ளை ஒரு பாடத்தில் தவறி, மறுபடி எழுதித் தேறினாள். அதை இன்று குடும்பத்தில் யாரும் நினைவில்கூட வைத்திருக்கவில்லை. அண்ணன் சில காலம் என்னிடம் முகம்கொடுத்துப் பேசவில்லை. பிறகு ஒரு ஞாயிறு தானாகவே மீன் வாங்கிக்கொண்டு என் வீட்டுக்கு வந்து, சமைக்கச் சொல்லிச் சாப்பிட்டுவிட்டுப் போனார். எனக்கு அது போதுமாக இருந்தது.

போன மாதம் உங்கள் மகளோடு சிராங்கூன் சாலையில் நடந்துகொண்டிருந்தேன். இப்போது வேலைக்குப் போகிறாள். உங்களைப் பற்றிப் பேச்சு வந்தது. "அம்மா இல்லாதது எனக்கு இன்னும் கஷ்டமாத்தான் இருக்கு அத்தை. ஆனா அம்மாகிட்ட கேக்கணும்னு நினைச்சு, கேக்காம விட்டது ஒன்னுகூட இல்ல" என்றாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு சாலையைக் கடந்தேன்.

கிளினிக்கில் மாதத்தில் ஒரு சிலராவது என் கண்ணாடித் தடுப்பருகே குனிந்து, குரலைத் தாழ்த்தி, அம்மாவுக்குத் தெரிய வேண்டாம், பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டாம் என்று சொல்கிறார்கள். யாரிடம் எதைச் சொல்வது என்பது என் வேலை இல்லை. நான் மருந்துப் பையைக் கொடுக்கிறவள் மட்டும்தான். ஆனால் அவர்கள் போகும் முன் தயங்கி நின்று, சொன்னால் தாங்குவார்களா என்று என்னைக் கேட்கிறார்கள். அப்போது மட்டும் நான் நிமிர்ந்து பார்த்துப் பதில் சொல்கிறேன், அண்ணி.

"தாங்குவாங்க. எங்க வீட்டுல தாங்கினாங்க."