படத்தின் முதுகில் எழுதியது

அன்புள்ள எர்வே,

நானும் அப்பாவும் சுகம், என் முழங்கால் மட்டும் பாரிஸ் மழையோடு சண்டை போடுகிறது. மோன்ரியல் குளிரில் நீ காதை மூடிக்கொண்டுதானே வெளியே போகிறாய்?

உன் அப்பாவுக்குப் பழைய புகைப்படப் பைத்தியம் முற்றிவிட்டது. ஞாயிறு விடிந்தால் வான்வ் பழம்பொருள் சந்தைக்கு ஓட்டம். அவரும் கூட்டாளிகளும் ஒரு படம் கையில் கிடைத்ததும் திருப்பி முதுகைத்தான் பார்ப்பார்கள், படமெடுத்தவர் முத்திரை உண்டா, பென்சிலில் வருஷம் உண்டா, அந்தக் காலத்துத் தாள்தானா என்று மோந்துகூடப் பார்ப்பார்கள். கூடத்தில் ஒன்று மாட்டியிருக்கிறாரே, 1954 குளிரில் எங்கள் மெனில்மோந்தான் பேட்டைத் தெருக்குழாயடியில் பெண்கள் வாளியோடு நிற்பது, அதில் ஓரத்தில் ஒருத்தி நாக்கைத் துருத்துகிறாளே, அது நான்தான். பத்தொன்பது வயது. எங்கள் வீட்டில் கேமரா ஏது, அந்த வயதில் எனக்கென்று இருக்கும் ஒரே படம் அது. வாங்கி ஆறு வருஷம். வருகிறவர்களிடமெல்லாம் "திமிர் பிடிச்ச பொண்ணு, பாருங்க" என்பார், உடனே கழற்றித் திருப்பி முத்திரையைக் காட்டுவார். தானாகக் கண்டுபிடிக்கட்டும் என்று காப்பி ஊற்றியபடி சிரித்துக்கொள்வேன். உள்ளுக்குள் கொஞ்சம் வலிக்கவும் செய்தது.

போன வாரம் வியாபாரி லெமெர்சியே, அதைக் கொடுத்தால் ஒரு சுரங்கத் தொழிலாளி படம் தருவதாகச் சொல்ல, இவர் தலையாட்டிவிட்டார். கட்டின பெண்டாட்டியைக் கரி மூஞ்சிக்காரனுக்கு மாற்றுகிறார் மனுஷன்! நான் சண்டை போடவில்லை. அவர் ரொட்டி வாங்கப் போன நேரத்தில் படத்தைக் கழற்றி, முத்திரைக்குக் கீழே பென்சிலால், "இடது ஓரத்தில் ஒதெத், உங்கள் மனைவி" என்று எழுதி மாட்டிவிட்டேன்.

சனிக்கிழமை படத்தை எடுத்துப்போக வந்த லெமெர்சியே முன்னால் அதைத் திருப்பிய அப்பா, "எவன் இதுல கிறுக்கினது? படமே போச்சே!" என்று அலறினார். பிறகு படித்தார். முன்பக்கம் பார்த்தார், என்னைப் பார்த்தார். "நீயா? ஏன் இத்தனை நாளா சொல்லல?" என்றார். "நீங்க என் மூஞ்சியப் பாத்தாத்தானே" என்று நாக்கை நீட்டினேன். லெமெர்சியே, "அதே நாக்குதான் சார், சந்தேகமே இல்ல" என்று தொப்பியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். அப்பா அழித்துவிடுவாரோ என்று ரப்பரை ஒளித்து வைத்தேன். அவரோ பேனாவைத் திறந்து, ஆமாம், பேனாவை, என் எழுத்துக்குக் கீழே "விற்பனைக்கு இல்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

நீயும் மருமகளும் குழந்தையும் நோய்நொடியில்லாமல் நிறைவாக இருங்கள். குழந்தையின் படம் அனுப்பும்போது மறக்காமல் பின்னால் பெயர் எழுது, இல்லாவிட்டால் உன் அப்பாவுக்கு யாரென்று தெரியாது.

முத்தங்களுடன்,
அம்மா ஒதெத்