மிஸ்ஸிக்குக் காய்ச்சல்

டோபி இன்று கொண்டுவந்த சலவை மூட்டையில் உங்கள் ஏப்ரன் இருந்தது. பட்டையின் உட்புறம் சிவப்பு நூலில் தைத்திருந்த உங்கள் எண் பதினேழைத்தான் முதலில் பார்த்தேன். இரண்டு மாதம் எங்கே கிடந்ததோ. கஞ்சி மொடமொடவென்று நிற்கிறது. புதிதாக வந்த நர்ஸ் மிஸ்ஸி அதைக் கட்டிக்கொண்டு வார்டுக்குப் போய்விட்டார். ஊரெங்கும் மெர்டேக்கா சுதந்திர நாளுக்குத் தோரணம் கட்டுகிறார்கள்.

நீங்கள் இருந்தபோது உங்களோடு நான் பத்து வார்த்தை பேசியிருந்தால் அதிகம். ஆறாம் வகுப்போடு பள்ளியை விட்டு, காஜா பேராங்கிலிருந்து தினமும் நடந்து வந்து பெட்பேன் கழுவுகிறவள் நான். எனக்கு நீங்கள் வைத்த பெயர் ஊமச்சி.

அந்தக் காய்ச்சல் வந்தபோது கட்டில்கள் போதாமல் வராந்தாவில் பாய் விரித்தோம். மிஸ்ஸிகளும் ஒவ்வொருவராக விழுந்தார்கள். மிஞ்சிய நீங்கள் காலை வேலையும் பார்த்தீர்கள், மாலை வேலையும் பார்த்தீர்கள். "இனிமே எவளாச்சும் படுத்தா நடிப்புன்னு எழுதி வீட்டுக்கு அனுப்பிருவேன்" என்று வார்டுக்குப் பொறுப்பான சிஸ்டர் எல்லோர் முன்னாலும் சொன்னார்.

அன்றுதான் என் கையிலிருந்த பெட்பேன் தளும்பி உங்கள் காலின் வெள்ளைச் சப்பாத்தில் சிந்தியது. பளாரென்று அறைந்தீர்கள். பாயில் கிடந்த மலாய்க் கிழவி "காசியான்" என்று எனக்காக இரங்கினாள்.

"மிஸ்ஸி, வழியில பாய் கெடந்ததால..."

"நான் கேட்டனா? ஊமச்சிக்கு இப்பத்தான் வாய் வருது. நான் கேட்டா மட்டும் பேசு."

தலையாட்டினேன்.

நாலைந்து நாள் கழித்து, மருந்தறையில் நீங்கள் தெர்மாமீட்டரை உங்கள் வாயிலேயே வைத்துக்கொண்டு நின்றீர்கள். எடுத்துப் பார்த்துத் தட்டில் வைத்துவிட்டு இரண்டு கைகளாலும் மேசையைப் பிடித்துக்கொண்டீர்கள். பின்னால் தொட்டியைக் கழுவிக்கொண்டிருந்த நான் எட்டிப் பார்த்தேன். நூற்றிரண்டு. பிறகு அதை உதறிவிட்டு, முகம் கழுவிக்கொண்டு வெளியே போனீர்கள்.

வாளியோடு நான் வெளியே வந்தபோது சிஸ்டர் வந்தார். "இங்க வேலை செய்றவங்க யாருக்கும் உடம்பு சரியில்லாம இல்லியே?"

"எல்லாரும் நல்லாத்தான் இருக்கோம் சிஸ்டர்" என்றீர்கள்.

சிஸ்டர் என்னையும் பார்த்தார். நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் உங்கள் நெற்றியைத் தொட்டாவது பார்த்திருப்பார். பயத்தில் சொல்லவில்லை என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். அது பொய். நீங்கள் எல்லோர் முன்னாலும் விழ வேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

மறுநாள் மத்தியானம் விழுந்தீர்கள். கஞ்சி வாளி கவிழ்ந்து உங்கள் தலைமுடியெல்லாம் கஞ்சி. எனக்குச் சிரிப்பு வந்தது. குனிந்து மறைத்துக்கொண்டேன்.

அதன்பின் மூன்று நாள்தான் உயிரோடு இருந்தீர்கள். சளி நெஞ்சில் கட்டிவிட்டது என்றார்கள். கடைசி நாள் காலையில் உங்கள் உடம்பைத் துடைக்க என்னை அனுப்பினார்கள். வேறு ஆள் இல்லை. உங்கள் உதடு வெடித்திருந்தது. மூச்சுக்கு மூச்சு நிறுத்தித்தான் பேசினீர்கள்.

"அன்னிக்கு... நீ பாத்தேல்ல?"

"பாத்தேன் மிஸ்ஸி."

"சிஸ்டர்ட்ட ஏன் சொல்லல?"

"நீங்க கேக்கலையே."

உங்களிடம் நான் தடுமாறாமல் சொன்ன ஒரே பதில் அது. இப்போது அது என்னோடு காஜா பேராங் வரைக்கும் நடந்து வருகிறது, விடிந்ததும் திரும்பி வருகிறது.

நீங்கள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தீர்கள். நான் துண்டைப் பிழிந்து உங்கள் முதுகைத் துடைத்தேன்.