படத்தின் ஓரத்தில் ஒரு கை

அக்கா,

நேற்றைய வேலையில் பாகு ஒட்டிக் கிடந்த மேசைகளை இன்று காலை கழுவிவிட்டு, அலுமாரியின் கீழ்த்தட்டைத் துடைக்கக் குனிந்தேன். நீங்கள் ஏலக்காய் போட்டு வைத்திருந்த பழைய பிஸ்கற் பேணி அங்கே இருந்தது. மூடியைத் திறந்தேன். ஏலக்காய் மணம் இன்னும் போகவில்லை. உள்ளே உங்கள் கைகள் இருந்தன.

படங்களிலிருந்து நான் வெட்டி எடுத்த, இரண்டு விரல் அகலத் துண்டுகள். ஒன்றில் அகப்பைக் காம்பை நோக்கி நீளும் விரல்கள். ஒன்றில் மணிக்கட்டின் உட்பக்கமாகக் கட்டிய கடிகாரம். ஒன்றில் மஞ்சள் படிந்த பெருவிரல் நகம் மட்டும். உங்கள் முகம் இருக்கும் படம் ஒன்றுகூட என்னிடம் இல்லை என்பது, நீங்கள் போய் ஐந்து மாதத்துக்குப் பிறகு, அந்த நிலத்தில் குந்தியிருந்தபோதுதான் எனக்கு உறைத்தது.

சாதாரண தரப் பரீட்சையில் தவறிய பிள்ளைகளும் மேலே படிக்கலாம், முடித்தால் தொழிற்றகைமைச் சான்றிதழ் கிடைக்கும் என்ற புதிய பிரிவு எங்கள் பாடசாலைக்கு வந்தபோது, உணவு பதனிடும் பாடத்துக்கு அதிபரின் கண்ணில் பட்டவர்கள் நாங்கள் இருவர். நீங்கள் இருபது வருடம் மனைப்பொருளியல் படிப்பித்தவர். நான் நியமனம் கிடைத்து மூன்று மாதமான பட்டதாரி; எங்கள் வீட்டில் பல்கலைக்கழக வாசலைக் கண்ட முதல் ஆள்; மாட்டேன் என்று சொல்ல வாய் வராதவள். ஐந்து நாள் பயிற்சியும், போட்டோப்பிரதி எடுத்த ஒரு கைநூலும், இரண்டு காஸ் அடுப்பும் தந்தார்கள்.

கைநூல் உங்களுக்குப் பிடிபடவில்லை. அடுப்பு எனக்குப் பிடிபடவில்லை. "நீர் வாசியும், நான் கிண்டுறன்" என்றீர்கள். அப்படித்தான் அந்தப் பாடத்தை நாங்கள் தொடங்கினோம். "கரையத்தக்க திண்மங்களின் செறிவு" என்று நான் வாசித்தால், "ஓ, பாகு இறுகிறதைச் சொல்லினம்" என்பீர்கள். பிள்ளைகள் இரண்டையும் எழுதிக்கொள்வார்கள்.

ஓய்வறையில் கணித சேர் விடமாட்டார். "என்ன ஜாம் ரீச்சர், இண்டைக்குப் பாணோடை வரட்டோ?"

"வாங்கோ சேர். வரேக்கை உங்கடை பாடத்திலை பெயில் விட்ட பிள்ளையளையும் கூட்டிக்கொண்டு வாங்கோ. இஞ்சை நாங்கள் பாஸாக்கி விடுறம்."

நான் தேநீர்க் கோப்பைக்குள் முகத்தை வைத்துச் சிரிப்பேன்.

ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு சான்றுக் கோப்பு வேண்டும் என்றார்கள். செய்த ஒவ்வொரு வேலைக்கும் படம். படத்தில் பிள்ளையும் வேலையும் மட்டும். ஆசிரியரின் கை தெரிந்தால் அது பிள்ளையின் வேலையாகக் கணக்கில் வராது. உங்கள் கையோ சும்மா இராது. தோல் சீவும் பிள்ளைக்கு அருகில், அடுப்பைக் குறைக்கும் பிள்ளைக்கு அருகில், எங்கே பார்த்தாலும் ஓரத்தில் அது நீண்டு நிற்கும். நான் கத்தரிக்கோலோடு இருந்து வெட்டினேன்.

"என்ன, உம்மைத் தையல் பாடத்துக்கு மாத்திப்போட்டினமோ?"

"உங்கடை கைதான் அக்கா. எல்லாப் படத்திலையும் வருது."

"கை தானே. முகம் வந்தாத்தான் பிள்ளையள் பயப்பிடுங்கள்" என்று சொல்லி, துண்டுகளை அள்ளி இந்தப் பேணிக்குள் போட்டீர்கள். "எறியாதையும், என்ரை கையைக் காகம் கொத்தும்."

ஒரு படத்தை மட்டும் என்னால் வெட்ட முடியவில்லை. தர்சினி கொதிக்கக் கொதிக்க மாம்பழ ஜாமைப் போத்தலில் ஊற்றிய படம். நிரப்பிய கடைசிப் போத்தல் அவள் பக்கம் சாய, உங்கள் கை பாய்ந்து அதன் அடியைப் பிடித்தது. நான் மூன்று படம் எடுத்திருந்தேன். முதலாவதில் அவள் தனியே ஊற்றுகிறாள். ஆனால் கண் மூடியிருக்கிறது. மூன்றாவதில் முகம் திரும்பிவிட்டது. நடுப்படத்தில் முகம் நல்ல தெளிவு. நடுவில் உங்கள் கையும் தெளிவு; வெட்டினால் போத்தலும் போய்விடும். நான் அதைத்தான் கோப்பில் ஒட்டினேன்.

மதிப்பீட்டுக்கு வந்தவர் அந்தப் பக்கத்தில் நின்றுவிட்டார்.

"இது ஆற்றை கை?"

"என்ரை கைதான் சேர். பிள்ளைக்குச் சுட்டுப்போடும் எண்டு பிடிச்சனான்."

"அப்ப ஊத்தினது ஆர்?"

"அவள்தான் சேர்."

"படத்திலை அப்பிடித் தெரியேல்லையே, ரீச்சர்."

நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். மற்ற இரண்டு படங்களும் என் தொலைபேசியில் இருந்தன. தொலைபேசி என் மடியில், கைப்பைக்குள் இருந்தது. நான் எழும்பி "சேர்" என்று ஒரு சொல் சொன்னால் போதும். நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் சிவப்பு மையால் குறுக்கே கோடு போட்டார்.

கொடிகாமத்துப் பழச்சாறு ஆலையில் தர்சினிக்கு இடம் வைத்திருந்தார்கள், சான்றிதழோடு வரச்சொல்லி. அந்த இடம் வேறு ஆளுக்குப் போனது. அவள் கோப்பாயில் தகப்பனோடு வெங்காயம் நடப் போனாள். நீங்கள் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. "என்ரை கைக்குத்தான் விலங்கு போடவேணும்" என்று மட்டும் சொன்னீர்கள்.

நீங்கள் நோயில் படுத்திருந்த தெல்லிப்பழை ஆஸ்பத்திரிக்கு நான் வந்தது, காட்டாமல் விட்ட அந்தப் படங்களைப் பற்றிச் சொல்லத்தான். பஸ்ஸில் முழு வழியும் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தேன். உங்கள் கையில் ஊசி ஏற்றி, பிளாஸ்ரர் ஒட்டியிருந்தது. எவ்வளவு சின்னக் கையாகிவிட்டது.

"தர்சினி எப்ப திருப்பிச் செய்யிறாள்?"

"அடுத்த முறை அவர் மதிப்பிட வரேக்கை, அக்கா."

"நான் நிண்ட இடத்திலை நீர் போய் நில்லாதையும். அந்த இடத்தைச் சும்மா விடும். அவள் செய்வாள்."

நான் வாயைத் திறந்தேன். பக்கத்துக் கட்டிலுக்கு ஆட்கள் வந்தார்கள். "பஸ்ஸுக்கு நேரமாச்சு, போட்டு வாறன்" என்றேன். அடுத்த கிழமை நான் வந்தபோது உங்கள் வீட்டு வாசலில் பந்தல் போட்டிருந்தது.

நேற்று அதே மதிப்பீட்டாளர் வந்தார். வேலை தொடங்க முன்னர் நான் அவரிடம் போனேன். மூன்று படங்களையும் ஒழுங்காகக் காட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டு மறுபடி பார்த்தார்.

"இதை அண்டைக்கே காட்டியிருக்கலாமே, ரீச்சர்."

அவர் குரலில் கோபம் இருந்திருந்தால் நான் தாங்கியிருப்பேன்.

"அந்தப் பதிவை இனி மாத்த ஏலாது. இண்டைக்குச் செய்யட்டும்."

தர்சினி ஜாம் காய்ச்சினாள். வெங்காயப் பாத்தியில் வெடித்த விரல்கள். கடைசிப் போத்தல் வந்தபோது அகப்பையைத் தூக்கியவள், அப்படியே நின்று நீங்கள் நிற்கும் பக்கம் பார்த்தாள். அங்கே ஒருவரும் இல்லை. நான் மறுபக்கத்தில், தொலைபேசியோடு. அவள் ஒரு மூச்சு விட்டாள். பிறகு இடக்கையில் துணியைச் சுற்றி, போத்தலின் அடியைத் தானே பிடித்துக்கொண்டு ஊற்றினாள்.

அவர் 'தேர்ச்சி' என்று எழுதிவிட்டுப் போன பிறகு, "ரீச்சர் இருந்திருந்தா இதையும் பழுதாக்கியிருப்பா" என்றாள். இரண்டு பேரும் சிரித்தோம். பிறகு அவள் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள்.

அந்தப் படத்தை இன்று அச்செடுத்தேன். போத்தலும் அவளும் இடப்பக்கத்தில். வலப்பக்கத்தில் இரண்டு விரல் அகலத்துக்கு வெறும் சுவர். பழக்கத்தில் கத்தரிக்கோலை எடுத்துவிட்டேன். படத்தின் ஓரத்தில் அதன் அலகை வைத்தும் விட்டேன்.

பிறகு வெட்டாமலே கோப்பில் ஒட்டினேன், அக்கா.