பன்னெண்டரை வோல்ட்டு

சிங்காநல்லூர்
3 ஆகஸ்ட் 2025

என் ஃபஹீமாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உன்ற புருசன் ஷாநவாஸ்தான். வாட்ஸப்ல பிளாக், இன்ஸ்டால பிளாக், போன் அடிச்சா ரிங்கே போறதில்ல. கடைசில போஸ்டாபீஸ் போயி கவர் கேட்டேன். கவுண்டர்ல இருந்த அக்கா, "ஊட்டுக்காரம்மாளுக்குங்களா?"ன்னு கேட்டுச் சிரிச்சாங்க. என் மூஞ்சில அப்படியே எழுதியிருக்குதாட்ட இருக்குது.

நீ சூலூர் போயி ஆறு வாரமாச்சு. போகும்போது, "இனி எதை நம்பிங்க நான் இங்க இருக்கறது?"ன்னு கேட்டியே, அதையேதான் யோசிச்சுட்டு இருக்கேன். நீ வண்டியைத்தான் சொல்றேன்னு புரிஞ்சுது. அதனால பொறுமையாப் படி கண்ணு.

நம்ம பழைய காரு 2005 மாடலு. ரெண்டு லட்சத்து அறுவதாயிரம் கிலோமீட்டர் ஓடியிருக்குது, இன்ஜினை ஒருக்காகூடப் பிரிக்கல! கதவைச் சாத்துனா "டப்"புன்னு ஒரே சத்தம். ஏசிக்குத் திருகறதுக்குக் குமிழ் இருக்குது, ரோட்டைப் பாத்துட்டே திருகலாம். அதே ஜப்பான் கம்பெனியோட புது மாடல்ல எல்லாமே ஸ்கிரீன், எல்லாமே சென்சார். பழசுல கெட்டுப்போறதுக்குச் சாமானே கம்மி அம்மணி, அதான் சூட்சுமம், என் யூடியூப் சேனல்லயும் எப்பவும் இதைத்தான சொல்றேன். பிப்ரவரில மாத்துன பேட்டரிகூட இன்னைக்கு மீட்டர் வெச்சுப் பாத்தேன், பன்னெண்டரை வோல்ட்டு, கல்லு மாதிரி நிக்குது.

இருவது வருசத்துல ஒரே ஒரு நாள்தான் கை விட்டுச்சு. அந்த சனிக்கிழமை. அந்த ஒரு நாளை வெச்சு முடிவு பண்ணிராத. ஊட்டுல சத்தமே இல்ல. ரெண்டு நாளா பன்னுதான் தின்னுட்டிருக்கேன். வந்துரு.

உன்ற
ஷாநவாஸ்


சூலூர்
10 ஆகஸ்ட் 2025

அன்புள்ள அவருக்கு,

வ அலைக்கும் ஸலாம். கடிதம் வந்துச்சுங்க. தறிச் சத்தத்துல போஸ்ட்மேன் கூப்பிட்டது எனக்குக் கேக்கல, இல்யாஸ் அண்ணன்தான் வாங்கிட்டு வந்து குடுத்தாரு. நான் படிக்கறப்ப எட்டிப் பாத்து, "அஞ்சு ரூபா கவர்ல நாலு பக்கத்துக்கும் காரா?"ன்னு கேட்டுட்டுப் போனாரு.

உடம்பு இப்பப் பரவால்லங்க. மாடிப்படி ஏறுனா மூச்சு வாங்கறதில்ல. வயித்துப் புள்ள நாலாம் மாசத்துல போனதை நெனச்சு அம்மா இன்னும் அழறாங்க. நான் அழறதில்ல. டாக்டரம்மா எங்கிட்டத் தனியாச் சொன்னாங்க, அரை மணி நேரம் முன்னாடி வந்திருந்தாலும் புள்ளையைக் காப்பாத்தியிருக்க முடியாதுன்னு. அதனால ஆட்டோ தேடி நேரமானதுக்காக உங்க மேல எனக்குக் கோவமில்லீங்க.

நான் வண்டியைப் பத்திக் கேக்கலைங்க.

பன்னையே திங்காதீங்க. அரிசி டின்னுக்குப் பின்னாடி ரவை இருக்குது.

ஃபஹீமா


சிங்காநல்லூர்
14 ஆகஸ்ட் 2025

என் உசுரு ஃபஹீமாவுக்கு,

ரவை கெடச்சுது! கிண்டவும் செஞ்சேன். உப்பு மறந்துபோட்டேன், அப்படியே தின்னுட்டேன்.

உன் லெட்டரை இருவது தடவை படிச்சேன். அப்பறம் ஒரு முடிவு பண்ணுனேன். நேத்து ஷோரூம் போயி புதுசை ஓட்டிப் பாத்துட்டேன். அவிநாசி ரோட்டுல போயி, திரும்பி வந்தேன். உண்மையைச் சொல்லிடறேன், இது வரைக்கும் எந்த வீடியோலயும் நான் இதைச் சொன்னதில்ல. பழசுல ஏர்பேக்கே இல்ல. புதுசுல ஆறு இருக்குது. பிரேக்கை நாம மறந்தாலும் அதுவே புடிக்குது. சீட்டு உன் முதுகுக்கு நல்லா இருக்கும். பிளாஸ்டிக் கொஞ்சம் லேசுதான், கதவுச் சத்தம் அந்த "டப்" இல்ல, ஆனா பரவால்ல, பழகிக்கலாம்.

பழசை வித்துப்போடறேன். சேனலை மூடிடறேன். அறுவதாயிரம் சப்ஸ்கிரைபர், மூணு வருசம் ஒத்தையில நின்னு கத்துக்கிட்டது, எல்லாம் போகட்டும். நீ "சரி"ன்னு ஒரு வார்த்தை எழுது, நாளைக்கே புக் பண்றேன். வெள்ளையா, சாம்பலா? நீயே சொல்லு.

அன்னைக்கு மட்டும் அந்தப் பேட்டரி செத்துப்போகாம இருந்திருந்தா நீ இங்கதான் இருந்திருப்ப. அந்தப் பேட்டரியைத்தான் தினமும் திட்டிட்டுக் கெடக்கறேன். இனி அப்படி ஒரு நாள் வரவே வராது, எழுதியே குடுக்கறேன். என்ன பண்ணுனா வருவன்னு சொல்லு அம்மணி, செஞ்சுபோடறேன். என்னால முடியல.

உன்ற
ஷாநவாஸ்


சூலூர்
22 ஆகஸ்ட் 2025

அன்புள்ள அவருக்கு,

வெள்ளையும் வேண்டாம், சாம்பலும் வேண்டாங்க.

உங்க ரெண்டு லெட்டரையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் படிச்சேன். பழசையும் புதுசையும் நீங்க ஒப்பிட்டுப் பாக்கற மாதிரியே. முதல் லெட்டர்ல, பிப்ரவரில மாத்துன பேட்டரி, பன்னெண்டரை வோல்ட்டு, கல்லு மாதிரி நிக்குதுன்னு எழுதியிருக்கீங்க. ரெண்டாவதுல, ஜூன் மாசம் அதே பேட்டரி செத்துப்போச்சுன்னு எழுதியிருக்கீங்க. ஆஸ்பத்திரில அண்ணன் கேட்டப்பவும் அதைத்தான் சொன்னீங்க. அம்மாகிட்டயும் அதைத்தான் சொன்னீங்க. எங்கிட்டயும்.

அந்த சனிக்கிழமை காலைல நான் இட்லித் தட்டைத் தேடுனேன், ஞாபகம் இருக்குதுங்களா? "தெரியலையே அம்மணி"ன்னு வெளிய இருந்தே சொன்னீங்க. ஆஸ்பத்திரில இருந்து வந்தப்ப தட்டு அடுப்பு மேல பளபளன்னு இருந்துச்சு. ஒவ்வொரு குழிலயும் கிரீஸ் வாடை.

எனக்கு ஒரே கேள்விதாங்க. அன்னைக்கு வண்டி ஏன் கெளம்பல?

ஃபஹீமா


சிங்காநல்லூர்
30 ஆகஸ்ட் 2025

ஃபஹீமா,

ஒரு வாரமா எழுதி எழுதிக் கிழிச்சுட்டேன்.

வண்டி நல்லாத்தான் இருந்துச்சு. பேட்டரியும் நல்லாத்தான் இருந்துச்சு. இன்ஜினுக்குக் காத்துப் போற பாகத்தை நான் கழட்டி வெச்சிருந்தேன். இருவது வருசத்து வண்டியோட உள்ள எவ்வளவு சுத்தமா இருக்குதுன்னு வீடியோல காட்டறதுக்கு. போல்ட்டு கலந்துறக் கூடாதுன்னு உன் இட்லித் தட்டுல குழிக்கு ஒண்ணா வெச்சிருந்தேன்.

நீ உள்ள இருந்து "ஏனுங்க"ன்னு கூப்பிட்டது எனக்குக் கேட்டுச்சு. "ரெண்டு நிமிசம் அம்மணி, கேமரா ஓடிட்டிருக்கு"ன்னேன். ரெண்டாவது தடவை கூப்பிட்டப்ப பதிலே சொல்லல. மூணாவது தடவைதான் வந்தேன். அப்பறம் போல்ட்டெல்லாம் போட்டு முடிக்க நேரமில்லாமத்தான் ரோட்டுக்கு ஓடி ஆட்டோ தேடுனேன்.

உங்கண்ணன் கேட்டப்ப "பேட்டரி"ன்னு வாயில வந்துருச்சு. எது நம்பகமான வண்டின்னு ஊருக்கெல்லாம் சொல்றவன், என்னைக் காப்பாத்திக்கறதுக்கு வண்டி மேல பழியைப் போட்டுட்டேன்.

இன்னொண்ணும் இருக்குது. நீ கூப்பிட்டது அந்த வீடியோல பதிவாயிருந்துச்சு. பதினொண்ணாவது நிமிசம். நீ அம்மா ஊட்டுக்குப் போன மறுநாள் அதை வெட்டிட்டு வீடியோவைப் போட்டேன். இப்ப அந்த வீடியோவையே சேனல்ல இருந்து எடுத்துட்டேன். வெட்டுனது ஒம்போது செகண்ட். அது எங்கிட்ட இருக்குது. தினமும் கேக்கறேன்.

நீ வரோணும்னு இதுல எழுதல. கேட்டதுக்குப் பதில் எழுதியிருக்கேன்.

ஷாநவாஸ்


சூலூர்
4 செப்டம்பர் 2025

அன்புள்ள அவருக்கு,

லெட்டர் கெடச்சுது. அம்மாகிட்டயும் அண்ணன்கிட்டயும் படிச்சுக் காட்டலைங்க. அவுங்ககிட்ட நீங்கதான் சொல்லோணும்.

ஞாயித்துக்கிழமை பத்து மணி பஸ்ஸுல சிங்காநல்லூர் வாரேன். இருக்கறதுக்கா, பேசிட்டுத் திரும்பறதுக்கான்னு எனக்கே தெரியல. கையில ஒரு பைதான் எடுத்துட்டு வாரேன்.

அந்த ஒம்போது செகண்டை அழிச்சுப்போடாதீங்க. நானும் ஒருக்கா கேக்கோணும். உங்களைப் பக்கத்துல வெச்சுட்டு.

பழசை விக்காதீங்க, அது மேல ஒரு தப்பும் இல்ல. ஆனா பஸ் ஸ்டாண்டுக்கு அதை எடுத்துட்டு வராதீங்க. நடந்து வாங்க.

ஃபஹீமா