நீ எடுக்கப் போன கண்ணாடி

மடிக்கணினியின் மூடியைக் கடைப் பெண் திறந்ததும் உன் தைலம் மணத்தது. நீ போய் எட்டு மாதமாகிறது. பொத்தான்களின் இடுக்கில் உன் விரல் எண்ணெய் இன்னும் இருக்கிறது போல. இந்த ரிப்பேர் கடை பிரிக்பீல்ட்ஸில் உன் வீட்டுக்கு நாலு கடை தள்ளித்தான் இருக்கிறது. உன் வாசலைத் தாண்டும்போது மேலே பார்க்காமல் வந்தேன்.

நான் வாயால் சொல்கிறேன், இந்தப் பெண் தட்டுகிறாள். எனக்கு எழுத்து தெரியாது என்று உனக்குத் தெரியாததா?

நாற்பது வருஷம் கிள்ளான் துறைமுகத்து லோரியை நீ ஓட்டினாய், நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். போர்டை நீ வாசிப்பாய். ஒரு தடவை போன வழியை நான் மறக்க மாட்டேன். ஜெஞ்சாரோம் முச்சந்தியில் மழைக்குப் போர்டு விழுந்து கிடந்த அன்று, "இடது பக்கம் போ, மஞ்சள் பெயின்ட் அடிச்ச சுவரு வரும்" என்றேன். வந்தது. "எனக்குக் கண்ணு இருக்கு, உனக்கு மண்டை இருக்கு. ரெண்டும் சேர்ந்தாத்தான் ஒரு டிரைவர்" என்று சிரித்தாய். அன்றிலிருந்து நான் உனக்கு மண்டைதான்.

லோரியை விட்டு இறங்கிய பிறகு நீ இங்கே மகள் மாலதி வீட்டுக்கு வந்துவிட்டாய். நான் கிள்ளானிலேயே இருந்தேன். சனிக்கிழமை காலையில் கொமுட்டர் ரயில் ஏறி வருவேன். லோரியில் எனக்குப் பேப்பர் வாசித்துக் காட்டிய பழக்கம் உன்னை விடவில்லை. "ஒரு வாரத்துப் பேப்பரை ஒரே நாள்ல வாசிச்சா தொண்டை போயிடும்டா" என்று சொல்லி, மாலதியின் பழைய மடிக்கணினியை எதிரே வைத்து, தினமும் காலையில் வாசித்துப் படம் பிடித்து வைக்க ஆரம்பித்தாய். சனிக்கிழமை இருவரும் அதன் முன்னால் உட்காருவோம். "டேய் மண்டை, கேளு" என்று திரையில் இருக்கிற நீ தொடங்குவாய். பக்கத்தில் இருக்கிற நீ, "மெதுவா வாசிய்யா, என்ன அவசரம்" என்று அவனைத் திட்டுவாய். எனக்கு இரண்டு பேரும் வேண்டியிருந்தது.

ஒன்று முடிந்ததும், "கூடையில போட்டுரு" என்பாய். மூலையில் ஒரு கூடைப் படம். அந்தத் திரையில் எனக்குப் புரிந்த ஒரே பொருள் அதுதான். விரலால் இழுத்துப் பத்திரமாக உள்ளே வைப்பேன்.

கடைசிச் சனிக்கிழமை உன் கண்ணாடியின் காது ஆடிக்கொண்டிருந்தது. நீ சமையலறையில் தண்ணீர் கொதிக்க வைத்திருந்தாய். "கிள்ளான்ல திருகு முடுக்கிக் கொண்டாரேன்" என்று வாசலில் நின்று சொன்னேன். "ஆங், ஆங்" என்றாய். கேட்டுவிட்டது என்று நினைத்து, மேசை மேல் இருந்த கண்ணாடியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ரயில் ஏறினேன்.

மறுநாள் காலை மாலதி பாசாருக்குப் போய்க் காய்கறி வாங்கித் திரும்பி வந்தபோது நீ சமையலறைத் தரையில் கிடந்தாய். பக்கத்தில் ஸ்டூல் சாய்ந்து கிடந்தது. "அப்பா எதுக்கு ஸ்டூல் போட்டு ஏறினாருன்னே தெரியல சித்தப்பா." எட்டு மாதமாக, என்னைப் பார்க்கும்போதெல்லாம் இதைத்தான் கேட்கிறாள். கருமாதி முடிந்து மடிக்கணினியை என் கையில் கொடுத்தாள். கண்ணாடியை நீட்டினேன். "அதையும் நீங்களே வச்சுக்குங்க" என்று அழுதாள். அது எப்படி என் கைக்கு வந்தது என்று அவள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

கிள்ளானில் அந்தப் பெட்டியைத் திறந்து, கூடைக்குள் போய் உன்னைத் தட்டுவேன். வெள்ளைக் காகிதம் மாதிரி ஒன்று வரும், அது நிறைய எழுத்து. குரல் மட்டும் வராது. எதைத் தட்டினாலும் அப்படியே. என் மேல் கோபமா என்று வாய்விட்டே கேட்டிருக்கிறேன். போன வாரம் திரை அப்படியே உறைந்து நின்றுவிட்டது. அதனால்தான் இங்கே கொண்டு வந்தேன்.

"அங்கிள், உள்ள மூச்சு விடக்கூட இடமில்ல. முழுக்கத் துடைச்சிட்டு ஓஎஸ் புதுசா போட்டாத்தான் சரி வரும்லா. வீட்டைக் காலி பண்ணிக் கழுவி விடற மாதிரி. எது வேணும்னு சொல்லுங்க, பென்டிரைவ்ல எடுத்து வச்சிடறேன். மத்தது போனா போனதுதான்."

"கூடையில இருக்கறது பூரா வேணும்மா."

"ஐயோ அங்கிள், அது குப்பைத்தொட்டிலா! நான் முதல்ல அதைத்தான் கொட்டப் போனேன்."

"குப்பையா? முப்பத்தொன்னு இருக்கும், எண்ணிப் பாரு."

எண்ணினாள். முப்பத்தொன்று. அவள் சிரிப்பு நின்றது. நீ தூக்கிப் போடச் சொல்லியிருக்கிறாய், நான் எடுத்து வைத்திருக்கிறேன். கொட்டத் தெரியாதது நல்லதாகப் போயிற்று. தொட்டிக்குள் இருந்தால் ஓடாதாம், வெளியே எடுக்க வேண்டுமாம். ஒன்றை எடுத்துத் தட்டினாள்.

"டேய் மண்டை, கேளு."

கடையில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

"இன்னொன்னு கூடைக்கு வெளியில கிடக்கு அங்கிள். இதுதான் ரொம்பப் பெருசு. மிச்ச இடத்தையெல்லாம் இதுதான் தின்னுருக்கு."

நான் பார்க்காத ஒன்று. அவள் தட்டினாள். நீ வந்து உட்கார்ந்தாய். பேப்பரை விரித்தாய். "டேய் மண்டை, கேளு. இன்னிக்கு ஞாயித்துக்கிழமை." சட்டைப் பையைத் தடவினாய். மேசையைப் பார்த்தாய்.

"இருடா, கண்ணாடியை எடுத்துட்டு வந்துர்றேன்."

எழுந்து போனாய். அதற்குப் பிறகு நாற்காலி மட்டும்தான். காற்றாடிக்குப் பேப்பர் படபடத்தது. உள்ளே ஏதோ இழுபடும் சத்தம். அவள் வேகமாகத் தள்ளப் பார்த்தாள், வேண்டாம் என்று கையைப் பிடித்தேன். படுக்கப் போகும்போது, மிதிபடாமல் இருக்க, ஃபிரிட்ஜ் மேல்தான் கண்ணாடியை வைப்பாய். கைக்கு அகப்படவில்லை என்றால் ஏறித்தானே பார்ப்பாய்? அது கிள்ளானில் என் சட்டைப் பையில் இருந்தது. பிறகு ஒரு சத்தம் கேட்டது. அதை இவளைத் தட்டச் சொல்ல மாட்டேன். அதற்கப்புறம் வெகுநேரம் நாற்காலியில் வெயில் நகர்ந்தது. பெட்டிக்குள் இடம் தீர்ந்தபோது படம் நின்றது.

"வெறும் நாற்காலிதானே அங்கிள். அழிச்சிடவா?" என்று மெல்லக் கேட்டாள்.

சரி என்று சொல்ல வாயைத் திறந்தேன், உன்னிடம் மறைக்க மாட்டேன். ஒரு பொத்தான் அழுத்தினால் போதும், யாருக்கும் தெரியாது. மாலதி ஸ்டூலைப் பற்றிக் கேட்டுக்கொண்டே இருப்பாள், நான் தேத்தண்ணியைக் குனிந்து குடித்துக்கொண்டே இருப்பேன். ஆனால் நீ என்னிடம் "இருடா" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறாய்.

"இதையும் எடுத்து வைம்மா" என்றேன்.

பிறகு எல்லாவற்றையும் துடைத்தாள். திரை கறுப்பாகி, ஒரு வட்டம் வெகுநேரம் சுற்றியது. புதிதாய் எழுந்து வந்தபோது அதே மூலையில் அந்தக் கூடை இருந்தது, காலியாக. இந்தச் சுத்தமான பெட்டியில் முதலில் ஏறுவது இந்த மடல்தான்.

இதைக் காகிதத்தில் எடுத்துத் தரச் சொல்லியிருக்கிறேன். நாலு கடை நடந்து, மாடி ஏறி, மாலதி கையில் கொடுப்பேன். எனக்குக் கேட்கட்டும் என்று அவள் வாய்விட்டுத்தான் படிப்பாள், உன் மகள்தானே. ஸ்டூல் வருகிற இடத்தில் அவள் குரல் நிற்கும். திருகு முடுக்கிய உன் கண்ணாடி என் பையில்தான் இருக்கிறது. அப்போது எடுத்து அவள் முன்னால் வைப்பேன்.