தளவாய் பேரில் சனிக்கிழமைத் தர்மம்

குற்றாலம்
சுபானு வருஷம் ஐப்பசி 4-ந் தேதி

கல்கத்தாவில் இருக்கும் சிரஞ்சீவி தளவாய்க்கு உன் தகப்பன் இசக்கியப்பன் ஆசீர்வதித்து எழுதுவது. குற்றாலநாதர் கிருபையால் நானும் உன் அம்மாவும் நடமாடிக்கொண்டிருக்கிறோம். சுகம் என்று எழுதக் கை வரவில்லை, உன் சுகத்துக்கு நீ எழுதினால் எங்கள் சுகத்தையும் எழுதுகிறேன்.

ஆடியில் வந்த கார்டுக்குப் பிறகு உன்னிடமிருந்து ஒன்றும் இல்லை, நான் நாலு கடிதம் போட்டுவிட்டேன். தபால்காரர் நம் எண்ணெய்க் கடையைத் தாண்டும்போது இல்லை என்று தலையை ஆட்டிவிட்டுப் போவார், நேற்று ஆட்டாமல் போனார், அவர் பின்னாலேயே ஓடிப்போய்க் கேட்டுவிட்டு வந்தேன். பேப்பரில் உங்கள் ஊர்த் தெருவில் பசியால் விழுந்து கிடக்கிறவர்கள் படம் வந்தது, கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். தென்காசியில், பசித்தவர்களுக்குச் சும்மா கஞ்சி ஊற்றுகிற வங்காளத்துக் கஞ்சித் தொட்டிகளுக்கு வசூல் செய்கிறார்கள். சனிக்கிழமை ஆண்கள் எண்ணெய் தேய்த்துக் குளிக்கிற நாள், அன்றைக்குத்தான் நம் கடைக்கு வியாபாரம், மற்ற நாளெல்லாம் குரங்கு விரட்டத்தான். அந்தச் சனிக்கிழமை வரும்படியில் பாதியை அனுப்புவதென்று முடிவு செய்து, கடை முன்னால் பலகையில் ‘கல்கத்தா தளவாய் பேரில் பஞ்சத்துக்குத் தர்மம்’ என்று எழுதி வைத்தேன்.

அது செத்தவர்களுக்குத் திதி கொடுக்கிற மஹாளய அமாவாசை வாரம் என்பது என் புத்திக்கு எட்டவில்லை. அந்த வாரத்தில் ஒருவன் பேரில் தர்மம் என்றால் ஊர் என்ன நினைக்கும்? மேலகரத்திலிருந்து உன் அத்தை மகன் பலவேசம் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு இழவு வீட்டுக்கு வருவதுபோல் துஷ்டி கேட்க வந்துவிட்டான். அவன் அழுதுகொண்டு வாசலில் நிற்பதைப் பார்த்ததும் அவனுக்குத்தான் ஏதோ சேதி வந்திருக்கிறது என்று உன் அம்மா அப்படியே தரையில் சாய்ந்துவிட்டாள். நான் அவன் கையைப் பிடித்துக்கொண்டு தந்தி எங்கலே என்று கேட்கிறேன், அவன் தந்தி உங்களுக்குல்லா மாமா வந்திருக்கும் என்று இன்னும் ஓங்கி அழுகிறான். கடைசியில் அவன் பலகையைச் சொன்ன பிறகுதான் விளங்கியது. அதுவரைக்கும் இந்த வீட்டில் நாங்கள் இருந்த இருப்பு உனக்குத் தெரிய வேண்டாம் ஐயா.

உன் அம்மா என்னை வாய்க்கு வந்தபடி வைதாள். பேர அழியுங்க, ஆனா தர்மத்த நிறுத்திராதிய என்றாள். பேரை அழித்துவிட்டேன், பணம் சனிதோறும் போகிறது. கடைக்கு வருகிறவர்கள் தர்மவான் என்று கும்பிடுகிறார்கள், எனக்குக் கூசுகிறது. அவ்வளவு ஜனங்கள் சாகிறார்களே என்று இரக்கப்பட்டுக் கொடுக்கிறவன் இல்லை நான். அதில் ஒரு அகப்பை உன் பக்கம் வராதா என்றுதான் கொடுக்கிறேன். சாமி மன்னிக்கட்டும்.

பச்சைத் தண்ணீர் குடிக்காதே. அரிசி கிடைக்காவிட்டால் கோதுமை தின்னப் பழகு. ஒரு கார்டு போடு, சேதி எழுத நேரமில்லை என்றால் உன் கையால் எங்கள் விலாசம் மட்டும் எழுதிப் போடு, போதும். நீ நூறாயுசாக இருக்க வேண்டும். ஒன்றை மறக்காதே, நீ ஆபீஸ் உத்தியோகஸ்தன், சட்டை போட்டவன், பசித்தாலும் வெளியே சொல்ல மாட்டாய், என் பிள்ளையை எனக்குத் தெரியும். அப்படி ஒரு நாள் வந்தால் அந்தக் கஞ்சித் தொட்டிக்குப் போய் வரிசையில் நில். வெட்கப்படாதே ஐயா, அது உன் வீட்டுக் கஞ்சி.

இப்படிக்கு,
உன் தகப்பன்
இசக்கியப்பன்